சைக்கிளுக்குப் பின்கண்ணாடியா, தலையைத் திருப்பினால் போதுமா?

பினாங்கில் தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து பெரிங்கிக்குக் கடலோரமாக வளைந்து வளைந்து போகும் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் வண்டிகள் முந்துவது வலப்பக்கம்தான், அதனால் கண்ணாடியை ஹேண்டில்பாரின் வலது முனையில் மாட்டுங்கள். லாரி வருவது முன்கூட்டியே தெரியும், கண்ணும் சாலையை விட்டு ஒரு நொடிதான் விலகும். திரும்பிப் பார்ப்பது அப்படியில்லை, தோள் திரும்பினாலே சைக்கிளும் அந்தப் பக்கம் இழுக்கும். கழுத்துவலிக்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம்.

ஆனால் இந்தச் சின்னக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்தவை, பக்கத்தில் வந்துவிட்ட காரைக்கூடத் தூரத்தில் இருப்பதுபோல் காட்டும். மோசமான தாரில் அதிரும். பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வரும் மோட்டாரைக் காட்டவே காட்டாமல் போகலாம். திரும்பிப் பார்த்தால் அதுவும் தெரியும், பின்னால் வருகிறவருக்கும் 'சரி, இவர் உள்ளே வரப்போகிறார்' என்று புரிந்துவிடும். கண்ணாடி அந்தச் சைகையைத் தராது (காப்பிக்கடை வாசலில் நிறுத்தினால் யாராவது அதில் தலை சீவுவார்கள், அது வேறு).

என் கட்சி இதுதான்: நேராகப் போகும்வரை கண்ணாடி, தடம் மாறும்போது கண்ணாடி இருந்தாலும் தலை திரும்ப வேண்டும். ஹெல்மெட்டில் மாட்டும் வகையும் உண்டு, அதிர்வு குறைவு, பழகத்தான் நாளாகும்.