8 வண்டிக்கு எத்தனை டேபிள்?

8 வண்டி, 11 ஓட்டுநர், மாதத்துக்கு ஏறக்குறைய 200 டிரிப். என் சரக்கு வண்டித் தொழில் இவ்வளவுதான். இதற்குப் போய் டேபிள் டேபிளாகப் பிரித்து ஒரு டேட்டாபேஸ் வரைய வேண்டுமா, எல்லாவற்றையும் ஒரே நீளமான டேபிளில் எழுதிக்கொண்டு போனால் ஆகாதா? முதலில் ஒரே டேபிளில் இரண்டு வருடம் ஓட்டினேன். பிறகு பிரித்தேன். பிரித்ததில் ஒரு தப்புச் செய்து மறுபடி மாற்றினேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை. பிரிப்பதன் பக்கம்தான் நான், அதிலும் ஒரு குறிப்பிட்ட விதமாகப் பிரிப்பதன் பக்கம்.

ஒரே டேபிளுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஒரு டிரிப்புக்கு ஒரு வரி: தேதி, வண்டி எண், ஓட்டுநர் பெயர், எங்கிருந்து எங்கே, லோடு, கிலோமீட்டர், டீசல், வாடகை, வந்த பணம். அரை மணி நேரத்தில் தயார். யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அளவும் பிரச்சினை இல்லை. எக்ஸெலின் ஒரு தாளில் 10,48,576 வரி போகும். மாதம் 200 டிரிப் என்றால் 400 வருடத்துக்கு மேல் தாங்கும். இடம் பத்தாது என்று பயமுறுத்தி உங்களை டேட்டாபேஸுக்கு மாற்றப் பார்ப்பவர்களை நம்பாதீர்கள்.

இடிப்பது வேறு இடத்தில். ஒரே வண்டி எண்ணை ஒருவர் இடைவெளி விட்டு எழுதினார், ஒருவர் கோடு போட்டு எழுதினார், இன்னொருவர் சேர்த்து எழுதினார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 8 வண்டிக்கு 13 வண்டியின் கணக்கு வந்தது. புது வண்டி வாங்கி இன்னும் ஒரு லோடும் ஏற்றவில்லை என்றால், அதை எழுதிவைக்க இந்த டேபிளில் இடமே கிடையாது. ஒரே டிரிப்பில் மூன்று பேர் சரக்கு போகுமே என்று லோடு1, லோடு2, லோடு3 என மூன்று பத்தி வைத்திருந்தேன். ஒரு நாள் நான்காவது சரக்கு வந்தது. அது ‘குறிப்பு’ பத்தியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு பில் போடவே மறந்துபோனோம். இதெல்லாம் புது நோய் இல்லை. 1970-ல், தகவலை டேபிள்களாகப் பிரித்து ஒன்றோடொன்று இணைக்கும் ரிலேஷனல் முறையை முன்வைத்த கணினி அறிஞர் எட்கர் காட், அடுத்த சில வருடங்களிலேயே இந்தக் கோளாறுகளை வகை பிரித்து எழுதிவிட்டார்.

சரி, பிரித்தால்? வண்டி, ஓட்டுநர், வாடிக்கையாளர், டிரிப், லோடு, செலவு, பில், வரவு என்று 8 டேபிள். வண்டி எண் ஒரே ஒரு இடத்தில். மற்ற இடங்களில் அதன் ஐடி, அதாவது அடையாள எண், மட்டும். ஒரு டிரிப்புக்கு எத்தனை லோடு வேண்டுமானாலும் வரட்டும், லோடு டேபிளில் அத்தனை வரி. டீசல், சுங்கம், பஞ்சர் ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி வேண்டாம். செலவு டேபிளில் ‘வகை’ என்று ஒரு பத்தி போதும். இதுவரைக்கும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பதுதான். நான் வழுக்கி விழுந்தது இதற்கு அடுத்த படியில்.

ஒரு தகவல் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதியை அப்படியே பிடித்துக்கொண்டேன். கிலோமீட்டர் கட்டணத்தை வாடிக்கையாளர் டேபிளில் வைத்தேன். ஒரு வண்டிக்கு ஒரு ஓட்டுநர் என்பதுதானே வழக்கம் என்று, ஓட்டுநர் ஐடியை வண்டி டேபிளில் வைத்தேன். டிரிப் வரியில் தேதி, வண்டி ஐடி, கிலோமீட்டர் மட்டும். லோடு வரியில் வாடிக்கையாளர் ஐடி. படம் வரைந்து பார்த்தால் அவ்வளவு அழகு. நாலு மாதம் ஒழுங்காகவும் ஓடியது.

டீசல் விலை ஏறியது. ஒரு வாடிக்கையாளருக்குக் கட்டணத்தை 10 சதவீதம் ஏற்றினோம். வாடிக்கையாளர் டேபிளில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். ஒரு இடத்தில் மாற்றினால் போதும் என்பதுதானே இந்த டிசைனின் பெருமை! அடுத்த வாரம் அவர் போன மாதத்து பில்லுக்கு நகல் கேட்டார். அச்செடுத்து அனுப்பினோம். அவர் கையில் இருந்த அசல் பில்லைவிட 10 சதவீதம் கூடுதல். பார்த்தால் போன மாதம், அதற்கு முந்தின மாதம், அவருடைய முதல் லோடு வரைக்கும் எல்லாம் புதுக் கட்டணத்துக்கு மாறியிருந்தது. அவர் ஃபோனில் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

ஓட்டுநர் கதையும் இதேதான். வண்டி 4 வேகமாகப் போனதற்கான அபராதச் சீட்டு 2 மாதம் கழித்து வந்தது. அன்றைக்கு யார் ஓட்டினார் என்று கேட்டால், இன்றைக்கு அந்த வண்டியில் இருப்பவர் பெயரை டேட்டாபேஸ் கூசாமல் சொன்னது. அந்தத் தேதியில் அவர் வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை.

இந்த இரண்டு விஷயத்திலும் அந்தப் பழைய ஒரே டேபிள் தப்புச் செய்திருக்காது. அன்றைய வாடகையும் அன்றைய ஓட்டுநரும் அந்த வரியிலேயே உறைந்து கிடந்திருக்கும். விதி தப்பில்லை, எது ஒரு தகவல் என்று நான் புரிந்துகொண்டதுதான் தப்பு. ‘இவருக்கு இப்போது என்ன கட்டணம்’ என்பது ஒரு தகவல். ‘இந்த லோடுக்கு என்ன பேசினோம்’ என்பது வேறு தகவல். பதிவு செய்த அன்று இரண்டும் ஒரே எண்ணாக இருந்ததால் ஏமாந்துவிட்டேன்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, கட்டணத்துக்கென்று தனி டேபிள்: எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை, எவ்வளவு. இன்னொன்று, லோடைப் பதியும்போதே கட்டணத்தை லோடு வரியிலும், ஓட்டினவர் ஐடியை டிரிப் வரியிலும் எழுதிவிடுவது.

முதல் வழி இலக்கண சுத்தம். ஆனால் பராமரிப்பைப் பாருங்கள். இரண்டு காலகட்டம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடக் கூடாது. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் அதைத் தடுக்க 2010-ல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே விதி போடலாம், 2012-ல் 9.2 வந்தபோது தேதி வீச்சுக்கென்றே ஒரு வகையும் சேர்ந்தது. எல்லா எஞ்சினிலும், அதாவது டேட்டாபேஸ் மென்பொருளிலும், இந்த வசதி கிடையாது. இல்லாத இடத்தில் டிரிகர் (வரி சேரும்போதோ மாறும்போதோ தானாக ஓடும் சின்ன நிரல்) எழுதி மாரடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆள். கட்டணம் மாறும்போது பழைய வரியை முடித்து, புது வரி திறக்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் ஒருவர் என்ன செய்வார்? பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை அடிப்பார். மறுபடி அதே ஃபோன்.

இரண்டாவது வழியில் அப்படி அடித்தாலும் பழைய லோடுகளுக்குச் சேதமில்லை. வாடிக்கையாளர் டேபிளில் இருப்பது வெறும் ஆரம்ப மதிப்பு. ஃபார்மில் தானாக வந்து நிற்கும், சேமித்ததும் லோடோடு ஒட்டிக்கொள்ளும். திரும்பி வரும் வண்டிக்குக் குறைத்துப் பேசினால் அங்கேயே மாற்றிவிடலாம். குறையும் உண்டு: ஆரம்ப மதிப்பே தப்பாக இருந்தால் அது எல்லா வரியிலும் ஏறிவிடும். எனக்கு ஒரு தடவை 17 வரி அப்படிப் போனது, தேதியைக் குறிப்பிட்டு ஒரே அப்டேட் கட்டளையில் திருத்தினேன். கட்டணத்துக்கும் ஓட்டுநருக்கும் இதைத்தான் எடுத்தேன், மாற்றும் எண்ணம் இல்லை. இன்ஷூரன்ஸ், பெர்மிட் போன்றவற்றுக்கு மட்டும் ஒன்பதாவதாக ஒரு தேதி வாரி டேபிள். அவை பிறக்கும்போதே ‘முதல் – வரை’ என்று பிறப்பவை.

எஞ்சின் தேர்வுக்கு அவ்வளவு மண்டையை உடைக்க வேண்டாம். ஒரே கணினியில் ஒருவர்தான் பதிகிறார் என்றால் எஸ்க்யூலைட் போதும். ஆனால் ஃபாரின் கீ சோதனை (ஒரு டேபிளில் எழுதிய ஐடி அதற்குரிய டேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது) அதில் வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் போட்டுவிட வேண்டும். எண் பத்தியில் எழுத்து வந்தாலும் வாங்கிக்கொள்ளும். 2021-ல் வந்த ஸ்டிரிக்ட் டேபிளைப் பயன்படுத்தினால் மறுக்கும். மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுதுவதால் நான் போஸ்ட்கிரஸுக்குப் போனேன். மைஎஸ்க்யூஎல் என்றால் 8.0.16-க்கு முந்தைய பதிப்பு வேண்டாம், செக் விதியை (ஒரு பத்தியில் எந்த மதிப்பு வரலாம் என்ற கட்டுப்பாட்டை) கேட்டுக்கொண்டு காற்றில் விட்டுவிடும். எதுவானாலும் பணத்தை ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வைக்காதீர்கள்.

வரவு டேபிள் விஷயத்தில் என் பேச்சை முழுசாக நம்ப வேண்டாம். ஒரே தொகையை நாலு பில்லுக்குப் பிரித்துக் கட்டுபவர்கள் எனக்கு இரண்டே பேர். நடுவில் ஒரு சின்ன டேபிள் போட்டுச் சமாளிக்கிறேன். பாதிப் பேர் அப்படிக் கட்டினால் எப்படி இருக்கும் என்று அனுபவம் இல்லை. பல கிளைகள் வைத்து நடத்துபவர்களுக்கும் இந்த வரைபடம் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

போன மாதம் வண்டி 2-ஐ விற்றோம். பதிவு செய்பவர் அதை லிஸ்டிலிருந்து அழிக்கப் பார்த்தார். அதன் பேரில் டிரிப்புகள் இருப்பதால் முடியாது என்று ஃபாரின் கீ மறுத்தது. நல்ல வேளை, அங்கே கேஸ்கேட் போட்டிருந்தால் வண்டியோடு அத்தனை டிரிப்பும் போயிருக்கும். ‘விற்ற தேதி’ பத்தியை நிரப்பினோம். புது டிரிப் ஃபார்மில் அந்த வண்டி இப்போது வருவதில்லை, பழைய பில்களில் அப்படியே இருக்கிறது.