சொல்லின் வாலில் யார் கெட்டி: எபிரேயமா, யித்திஷா?

இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதுவதால் எபிரேயமும் யித்திஷும் உடன்பிறப்புகள் என்று நினைப்பவர்கள் உண்டு. கிடையாது. எபிரேயம் அரபியின் உறவான செமித்திய மொழி. யித்திஷ், ஐரோப்பிய யூதர்களிடையே வளர்ந்த ஜெர்மானிய மொழி. எபிரேய, அரமேய, ஸ்லாவிய (ரஷ்யன், போலிஷ் போன்ற மொழிகளின்) சரக்கு அதில் நிறையக் கலந்திருக்கிறது. இந்த வேறுபாடு விகுதிகளில் பளிச்சென்று தெரியும்.

புதுச்சொல் ஆக்கும் திறனில் என் ஓட்டு எபிரேயத்துக்குத்தான். 'எத்' என்றால் காலம். அதோடு -ஓன் சேர்ந்தால் 'இத்தோன்', செய்தித்தாள். அதில் -ஆய் சேர்ந்தால் 'இத்தோனாய்', பத்திரிகையாளர். அதற்கும் மேல் -ஊத் வந்தால் 'இத்தோனவூத்', பத்திரிகைத் தொழில். சொல் என்ற பொருள் தரும் 'மில்லா'விலிருந்து அகராதிக்கு 'மில்லோன்' என்ற பெயரை உண்டாக்கியவர், எபிரேயத்தை மீண்டும் பேச்சுமொழியாக்கப் பாடுபட்ட எலியேசர் பென்-யெஹூதா. ஆனால் விகுதி வந்தால் அடிச்சொல் அப்படியே நிற்பதில்லை: 'மெலெக்' (அரசன்) 'மல்கூத்' (அரசாட்சி) ஆகிறது, 'செஃபெர்' (நூல்) 'சிஃப்ரியா' (நூலகம்) ஆகிறது. உள்ளே நிலைத்து நிற்பவை மெய்யெழுத்துகள் மட்டுமே.

பண்புப்பெயர் ஆக்குவதில் யித்திஷும் சளைத்ததல்ல. -கைட், -ஷாஃப்ட் என்ற ஜெர்மானிய விகுதிகளை எதன் மீதும் ஒட்டிவிடும். நண்பனைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான 'கவேர்' மீது -ஷாஃப்ட் ஏறி, நட்பு 'கவெர்ஷாஃப்ட்' ஆனது.

செல்லம் கொஞ்சுவதில் மட்டும் போட்டியே இல்லை. யித்திஷில் 'புக்' (புத்தகம்) சிறிதானால் 'பிக்ல்', இன்னும் கொஞ்சினால் 'பிக்கெலே'. சிறுமைக்கே இரண்டு படி! கடவுளையும் விடுவதில்லை, 'கோட்' என்பது 'கோட்டென்யு' ஆகிவிடும். எபிரேயத்திடம் இதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 'காஃப்' (கரண்டி) -ஈத் பெற்று 'கப்பீத்' (தேக்கரண்டி) ஆகும். நாய் 'கெலெவ்', நாய்க்குட்டி 'க்லவ்லவ்'. இது விகுதியே அல்ல, வேரின் மெய்களை இரட்டிக்கும் அழகான உத்தி. அளவு குறைகிறது, சரி. அப்பாவை அதில் கொஞ்ச முடியுமா? அதனால்தான் இஸ்ரேலில் அப்பா 'அப்பாலே', அம்மா 'இம்மாலே'. அந்த -லே யித்திஷின் சொத்து.

அப்புறம் -நிக். ஸ்லாவிய மொழிகளிலிருந்து யித்திஷுக்கு வந்தது. சலிப்பூட்டும் ஆளை 'நுட்னிக்' என்பார்கள். ஆளைக் குறிக்க -ஆன், -ஆய் எல்லாம் கையில் இருந்தும் எபிரேயம் இதையும் சேர்த்துக்கொண்டது. கூட்டுப்பண்ணைவாசி 'கிப்புட்ஸ்நிக்'. போர்முனைக்குப் போகாமல் அலுவலக வேலை பார்க்கும் படைவீரர் 'ஜோப்னிக்'. அதன் பன்மை 'ஜோப்னிக்கிம்': ஆங்கில வேர், ஸ்லாவிய விகுதி, எபிரேயப் பன்மை.

வந்த விகுதி முழுக்க வீட்டு ஆளாகிவிட்டதா என்பதை உச்சரிப்பில் பார்க்கலாம். 'கிப்புட்ஸ்' என்பதில் அழுத்தம் 'புட்ஸ்' மேல். எபிரேயப் பன்மை -இம் வந்ததும் அது கடைசிக்கு நகர்ந்து 'கிப்புட்ஸிம்' என்று 'ஸிம்' மேல் விழும். 'கிப்புட்ஸ்நிக்கிம்' என்றாலோ அழுத்தம் 'புட்ஸ்' மேலேயே நிற்கும். -நிக் இருக்கும் இடத்தில் -இம்மின் அதிகாரம் செல்லாது.

கடன் ஒருவழிப் பாதை என்று நினைக்க வேண்டாம். அதே -இம்மை யித்திஷ் எடுத்துப்போய்த் தன் ஜெர்மானியச் சொல்லான 'போயெர்' (உழவன்) மீது ஒட்டி 'போயெரிம்' என்கிறது, மருத்துவர்கள் 'டொக்டோய்ரிம்'. ரப்பியின் (யூத மதகுருவின்) மனைவி 'ரெபெட்ஸின்': எபிரேய வேர், ஸ்லாவிய விகுதி, அதன் மேல் ஜெர்மானியப் பெண்பால் விகுதி. ஒரே பெண்மணிக்கு இரண்டு மொழிகளின் பெண்பால் விகுதி. யித்திஷுக்கு அது மிகையாகத் தோன்றவே இல்லை.