பெல்கிரேடில் போன 112 யூரோ: விமான நிலைய கார் முன்பதிவு செய்கிறவர்கள் கவனிக்கவும்

செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்குப் போகிறவர்கள், முக்கியமாக வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். 112 யூரோ. நம்ம ஊர்க் கணக்கில் 11,000 ரூபாய்க்குக் குறையாது. அவ்வளவையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வண்டியும் அனுப்பாமல், "நீங்கள்தான் வரவில்லை" என்று எங்கள் மேலேயே பழியைப் போட்டிருக்கிறார்கள். இன்று சாயங்காலம்தான் அவர்களுடைய கடைசி மின்னஞ்சல் வந்தது.

வங்கியில் புகார் கொடுத்திருப்பதால் தளத்தின் பெயரை இங்கே போடவில்லை. விமான நிலையத்திலிருந்து தங்குமிடத்துக்குக் கார் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் இணையத்தளங்களில் ஒன்று. சொந்தமாகக் கார் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நம்மிடம் முழுப் பணத்தையும் கறந்துவிட்டு, அந்தந்த ஊரில் இருக்கும் யாரோ ஒரு ஓட்டுநர் தலையில் கட்டிவிடுவார்கள்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் செர்பியாவுக்குள் போக முடியாது. ஆனால் ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா செல்லுபடியாகும் நிலையில் கையில் இருந்தால் தனி விசா வேண்டாம். ஜெர்மனிக்குத் திரும்பி வரவேண்டும் என்பதால் அது பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாவா நதி டான்யூபில் கலக்கும் இடத்தைக் கலேமெக்தான் கோட்டை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. அவருக்கு முழங்கால் வலி. விமான நிலையத்திலிருந்து நகரம் சுமார் 18 கிலோமீட்டர். அந்த ஊரில் இன்னும் மெட்ரோ கிடையாது. பெட்டிகளோடு அவரை பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான் போக வர இரண்டுக்கும் சேர்த்து 112 யூரோ கட்டினேன்.

விமானம் தரையிறங்கி விமான நிலைய வைஃபை கிடைத்ததுமே வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. எங்கள் விமான எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டு, "நல்வரவு, நான்தான் உங்கள் ஓட்டுநர், காத்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில். கூடவே ஒரு படம். வெள்ளை அட்டையில் என் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து, ஓர் எழுத்துகூடப் பிசகாமல். என் அலுவலகத்திலேயே அதைச் சரியாக எழுதுகிறவர்கள் குறைவு. அம்மாவிடம் காட்டினேன். "பேரெல்லாம் கரெக்டா போட்டிருக்கான், நல்ல பையன்தான்பா" என்றார். அந்த ஒரு படத்தில் மூன்று பேருக்கும் மனசு லேசாகிவிட்டது.

அடுத்த செய்தி: "கீழே வண்டி நிறுத்த விடமாட்டார்கள். மேலே, புறப்பாட்டுப் பகுதி வாசலுக்கு வாருங்கள்." சரி என்று அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனோம். "ஐந்து நிமிடம்" என்றான். அப்புறம் "டிராஃபிக்" என்றான். அப்புறம் பதிலே இல்லை. செர்பியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் என் ஜெர்மன் சிம்மின் வழக்கமான ரோமிங் அங்கே செல்லாது. வைஃபை சிக்னலுக்காக நான் உள்ளேயும் வெளியேயும் ஓட, குளிரில் அப்பா பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது.

கடைசியில் தளத்தின் உதவி எண்ணில் ஒரு பெண் பேசினார். "எங்கள் ஓட்டுநர் வருகைக் கூடத்தில் 60 நிமிடம் காத்திருந்தார், பயணி வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது. விதிமுறைப்படி பணம் திரும்பக் கிடைக்காது." மேலே வரச் சொன்னதே அவன்தான் என்றேன். "வாட்ஸ்அப் உரையாடல் எங்கள் அமைப்புக்கு வெளியே நடந்தது" என்றார். அந்த எண்ணை எங்களுக்குக் கொடுத்ததே அவர்களுடைய உறுதிப்படுத்தும் மின்னஞ்சல்தான்!

காத்திருந்ததற்கு ஆதாரம் கேட்டேன். மறுநாள் அனுப்பினார்கள். பார்த்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அனுப்பிய அதே படம். அதே வெள்ளை அட்டை. பெரிதாக்கிப் பார்த்தால் அட்டையின் கீழ் ஓரத்தில் ஸ்டீயரிங்கின் வளைவு தெரிகிறது. காருக்குள் உட்கார்ந்து எடுத்த படம். வருகைக் கூடத்துக்குள் ஸ்டீயரிங் எங்கிருந்து வந்தது? அந்த இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். பதிலுக்கு வந்தது, முன்பு அனுப்பிய அதே பத்தி. அடுத்து வேறொருவர், அதே பத்தி. அப்புறம் "72 மணி நேரத்தில் மேலதிகாரி தொடர்புகொள்வார்" என்றார்கள். யாரும் தொடர்புகொள்ளவில்லை. நடுவில் "உங்கள் பயணம் எப்படி இருந்தது? நட்சத்திரம் கொடுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல்.

இன்றைக்கு வந்தது அதைவிட மோசம். போகும் பயணத்துக்கு நாங்கள் வராததால் திரும்பும் பயணமும் தானாகவே ரத்தாகிவிட்டதாம். புகார் முடித்துவைக்கப்பட்டதாம். ஆக 56 யூரோ இல்லை, முழுசாக 112 யூரோ. "விடுப்பா, போனது போகட்டும்" என்கிறார் அப்பா. என்னால் விட முடியவில்லை. அந்தக் குளிரில் அவரை உட்கார வைத்ததற்கு இவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஊர் மேல் எனக்குக் குறை இல்லை. டிராமில் ஏறினாலே யாராவது எழுந்து அப்பாவுக்கு இடம் கொடுக்கிறார்கள். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியதும் அந்த விமான நிலையத்திலேயே இருக்கும் டாக்சி தகவல் மேசைதான். போகவேண்டிய முகவரியைச் சொன்னால், நகரத்தின் எந்த மண்டலம் என்று பார்த்து, நிலையான கட்டணத்தை அச்சிட்டுச் சீட்டு தருகிறார்கள். அதை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, சீட்டில் உள்ள தொகையை அந்த ஊர்ப் பணமான தினாரில் கொடுத்தால் போதும், பேரமே இல்லை. அந்த மேசை வருகைக் கூடத்திலேயே இருக்கிறது. நாங்கள் மேலே போகாமல் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். போக வர இரண்டுக்கும் சேர்த்து முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். ஓட்டுநர் சந்திக்கும் இடத்தை மாற்றச் சொன்னால் நகராதீர்கள். வருகைக் கூடத்திலேயே நின்று, பின்னணியில் கடிகாரமோ அறிவிப்புப் பலகையோ தெரியும்படி உங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடத்துக்குள் "டாக்சி, டாக்சி" என்று கிட்டே வருகிறவர்களோடு போகாதீர்கள். உரிமம் உள்ள டாக்சியின் நம்பர் பிளேட் டிஎக்ஸ் என்று முடியும். கொஞ்சம் தினார் மாற்றிக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து பெல்கிரேடில் நகரப் பேருந்தும் டிராமும் எல்லோருக்கும் இலவசம். விமான நிலையத்திலிருந்து 72ஆம் எண் பஸ் நகர மையத்தில் இருக்கும் ஸெலெனி வெனாட்ஸ் வரை போகிறது. ஏ1 மினி பஸ்ஸுக்கு மட்டும் காசு உண்டு, ஓட்டுநரிடமே டிக்கெட் வாங்கலாம், ஸ்லாவியா சதுக்கத்தில் விடும்.

நாளைக் காலை நாங்கள் திரும்பப்போவதும் அந்த ஏ1-இல்தான். வங்கி கேட்டிருக்கும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகளை இன்று இரவே அனுப்புகிறேன். இதே மாதிரி "காத்திருந்தார், நீங்கள் வரவில்லை" என்று ஏமாற்றப்பட்டவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.