வேர் சிகிச்சையா, பல்லைப் பிடுங்குவதா?

சொத்தை பல்லின் கூழ்வரை (உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மென்பகுதி) இறங்கி, படுத்தால் வலி விண்ணென்று தெறிக்கிறதா? இருப்பவை இரண்டு வழிகள்.

பிடுங்கினால் ஒரே நாளில் வேலை முடியும், செலவும் குறைவு. ஆனால் அந்த இடத்தைச் சும்மா விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் அந்த இடைவெளியை நோக்கி நகரும், தாடை எலும்பு தேயும். பிறகு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைக்கப் போனால் மிச்சம் பிடித்த பணம் போன இடம் தெரியாது.

என் ஓட்டு வேர் சிகிச்சைக்கே. மரத்துப்போக ஊசி போட்டு, கெட்ட கூழை மெல்லிய அரங்களால் சுரண்டி, கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவி, ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சாவால் வேர்க்குழாய்களை அடைப்பார்கள். மேல்கடைவாய்ப் பல்லில் நான்காவது குழாய் ஒளிந்திருப்பதுண்டு. அதைத் தவறவிட்டால் தொற்று திரும்பலாம். வலி போனதும் பலர் பல்லை மூடிக் காக்கும் கேப் போடாமல் நழுவிவிடுகிறார்கள். அப்புறம் முறுக்கைக் கடித்துப் பல்லைப் பிளந்துகொண்டு வருகிறார்கள்.

வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால் மட்டும் பேச்சே இல்லை, பிடுங்கத்தான் வேண்டும்.