ஸ்டிக்கர் ஒன்று, வாட் வேறு: தோட்டப் பட்டண வெயிலில் மெல்லிய லேப்டாப்பும் தடித்த லேப்டாப்பும்

கடையில் இரண்டு லேப்டாப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராஃபிக்ஸ் சிப்பின் ஒரே ஸ்டிக்கர். ஒன்று 1.6 கிலோ, ஒற்றைக் கையில் தூக்கி ஒயிலாகத் திருப்பலாம். மற்றது 2.5 கிலோ, பின்பக்கம் திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டிக்கரை நம்பினால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஓடாது. இந்தச் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று என்விடியா லேப்டாப் தயாரிப்பாளர்களிடமே விட்டிருக்கிறது. தடித்த உடம்பில் முழுத் தீனி போடுவார்கள். மெல்லியதில் அதில் பாதியைப் போட்டுவிட்டு ஸ்டிக்கரை மட்டும் முழுசாக ஒட்டுவார்கள்.

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் இது யாருக்கு உறைக்கும்? செம்பனை புளோக்கை ட்ரோனில் படமெடுத்து ஒரே வரைபடமாகத் தைப்பவருக்கு, கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கு, கட்டடப் பிளான் வரைபவருக்கு. தோட்ட ஆபிசில் கணக்கெழுதும் கிராணிக்கு அவ்வளவாக உறைக்காது. அவருடைய தொல்லை வேறு, பின்னால் வரும்.

வெயில் கணக்கு

பிராசசர் ஸ்டிக்கரிலும் இதே கூத்துதான். இன்டெல் ஐ7-13700எச்சுக்கு அடிப்படை 45 வாட், உச்சம் 115 வாட். ஐ7-1355யூவுக்கு அடிப்படை 15 வாட், உச்சம் 55. கடைக்காரர் வாயில் இரண்டும் ‘ஐ7’. உச்ச வாட் கொஞ்ச நேரப் பாய்ச்சல்தான். அரை மணி நேரம் ஓடும் ரெண்டருக்கு (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலைக்கு)ச் சோறு போடுவது விடாமல் தாங்கும் வாட். அது சிப்பை விட விசிறி, ஹீட் பைப், அலுமினியத் தகடுகள் ஆகியவற்றின் கையில்தான் இருக்கிறது. 15 மில்லிமீட்டர் உடம்புக்குள் அடங்கும் விசிறி மெலிதாகத்தான் இருக்க முடியும். அது தள்ளும் காற்றும் அவ்வளவே.

இதில் நம் ஊர் வெயிலைச் சேர்த்துப் பாருங்கள். சிப்பிலிருந்து வெளியேறும் சூடு, சிப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப் 95 டிகிரி, ஏசி அறை 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. தகரக் கூரை வீட்டில் மதியம் 33 டிகிரி என்றால் வித்தியாசம் 62. ஏசியில் 45 வாட்டை வெளியேற்றிய அதே விசிறி இங்கே 40 வாட்டைத்தான் வெளியேற்றும். நூற்றுக்குப் பதினொன்று போச்சு. இந்த இழப்பு தடித்ததுக்கும் உண்டு, மெல்லியதுக்கும் உண்டு.

மெல்லியதுக்கு இன்னொரு அடி காத்திருக்கிறது. அதன் உடம்பே சூடாகிவிடுவதால், சிப் 95-ஐத் தொடுவதற்கு முன்பே, கைபடும் பகுதி சுடக்கூடாது என்று வேகத்தைக் குறைக்கும்படி பல தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். அந்த எல்லை 45 டிகிரி என்று வையுங்கள். 25 டிகிரி அறையில் வித்தியாசம் 20, 33 டிகிரி அறையில் 12. கொடுக்கக்கூடிய வாட்டில் நூற்றுக்கு நாற்பது அங்கேயே கரைகிறது. குளிர்ந்த அறையில் எடுத்த யூடியூப் ரிவியூ பேராக் வெயிலில் பொய்யாவது இங்கேதான்.

வாட் பாதியானால் வேகமும் பாதியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். அதை விட்டுக்கொடுத்தால் பெரிய நஷ்டமில்லை. இழப்பு உண்மையிலேயே வலிப்பது மணிக்கணக்கில் ஓடும் வேலைகளில்.

மெலிவு மோகத்தில் ஆப்பிள் பட்ட பாடு

2016 மேக்புக் புரோ 15 அங்குலம் 15.5 மில்லிமீட்டருக்கு இளைத்தது. எச்டிஎம்ஐ போனது, எஸ்டி கார்டு துளை போனது, மேக்சேஃப் என்ற காந்தச் சார்ஜர் இணைப்பு போனது. 2018-இல் அதே உடம்புக்குள் ஆறு கோர் ஐ9-ஐ வைத்தார்கள். சூட்டில் வேகம் தடாலென்று விழுகிறது என்று புகார் கிளம்பியதும், ஃபர்ம்வேரில் (வன்பொருளை இயக்கும் உள் மென்பொருளில்) பிழை என்று சொல்லி ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. 2021-இல் 16 அங்குலம் 16.8 மில்லிமீட்டராகத் தடித்து, எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தது. ஆப்பிளின் சொந்த எம் வரிசைச் சிப்புகள் குறைந்த வாட்டில் நிறைய வேலை செய்வதால் இன்று மெல்லியவற்றில் ஏமாற்றம் குறைவானது அந்தப் பக்கம்தான். பேட்டரியில் ஓடினாலும் வேகம் பெரிதாக இறங்குவதில்லை. மேக்புக் ஏர் மட்டும் விசிறியே இல்லாதது. மேலே போட்ட 12 டிகிரிக் கணக்கு அதற்குத்தான் முழுசாகப் பொருந்தும். நீண்ட ரெண்டர் உண்டென்றால் ஏர் வேண்டாம், விசிறி வைத்த புரோவைப் பாருங்கள்.

ட்ரோன் வரைபடம்: முதலில் முட்டுவது ரேமில்

20 மெகாபிக்சலில் ஆயிரம் படம். வரைபடம் தைக்கும் மென்பொருளான மெட்டாஷேப்பில் போட்டால் படங்களை ஒருங்கமைப்பது, ஆழ வரைபடம், புள்ளித் திரள், கடைசியில் ஆர்த்தோமொசைக் (தைத்து முடித்த ஒரே வரைபடம்) என்று வேலை நடக்கும். ஆழ வரைபடத்துக்கு கிராஃபிக்ஸ் சிப் பெரும் உதவி. ரேம் போதாவிட்டால் அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. 16 ஜிபி நிரம்பியதும் எஸ்எஸ்டியை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கி எல்லாம் ஊர்ந்து போகும். இந்த வேலைக்கு 32 ஜிபி குறைந்தபட்சம், 64 நிம்மதி.

மெல்லிய லேப்டாப்பில் ரேம் பெரும்பாலும் போர்டோடு சோல்டர் செய்திருக்கும். வாங்கிய அன்று 16 என்றால் சாகும்வரை 16. தடித்த கேமிங், ஒர்க்ஸ்டேஷன் வகைகளில் பெரும்பாலும் இரண்டு துளை இருக்கும். இன்று 16 போட்டு, அடுத்த போனசில் 64 ஆக்கிக்கொள்ளலாம். விவரத் தாளில் ‘எல்பிடிடிஆர்’ என்று இருந்தால் பெரும்பாலும் சோல்டர்தான், ‘எஸ்ஓ-டிம்’ என்றால் கழற்றலாம்.

ஏற்கெனவே 16 ஜிபியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆழ வரைபடத் தரத்தை ‘ஹை’யிலிருந்து ‘மீடியம்’ ஆக்குங்கள். கணக்கிட வேண்டிய பிக்சல் நாலில் ஒன்றாகும். ஆர்த்தோமொசைக்கின் கூர்மை மூலப் படங்களிலிருந்தே வருவதால் செம்பனை மரம் எண்ணுவதற்குப் பழுதில்லை. அப்படியும் திணறினால் 250, 300 படமாகப் பிரித்து, ஓரத்து வரிசைகள் இரண்டு பகுதியிலும் வருமாறு ஓட்டி, பிறகு இணைக்கலாம்.

கல்யாண வீடியோ: கிராஃபிக்ஸ் கார்டும் கைவிடும் இடம்

இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் நிற விவரம் கூடுதலான 10 பிட் 4:2:2 எச்.265 பதிவு உண்டு. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை என்விடியா சிப்புகளால் இந்த வகையை வன்பொருளில் பிரித்துப் படிக்க முடியாது. 50 வரிசையில்தான் அது வந்தது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான லேப்டாப் சிப்புகளின் உள் கிராஃபிக்ஸ் இதைச் சுலபமாகச் செய்யும், ஆப்பிள் எம் வரிசையும் செய்யும். ஆகவே ஏஎம்டி பிராசசரோடு ஆர்டிஎக்ஸ் 4070 வாங்கிவிட்டு, தாலி கட்டும் காட்சி டைம்லைனில் விக்கி விக்கி ஓடினால் கார்டைத் திட்டிப் பயனில்லை. எடிட் செய்ய மட்டும் ப்ராக்ஸி கோப்பு என்ற இலகுவான நகல் செய்துகொள்ளுங்கள், அல்லது கேமராவை நிற விவரம் குறைந்த 4:2:0-வுக்கு மாற்றுங்கள். இந்த ஒரு வேலையில் தடிமனுக்கு வேலையே இல்லை.

செம்மண் தூசியும் ஸ்குரு டிரைவரும்

தடித்ததற்கு என் ஓட்டு விழுவது வேகத்துக்காக மட்டுமில்லை. செம்மண் தூசி, கொசுவர்த்திப் புகை, சாம்பிராணி எல்லாம் சேர்ந்து விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலமாக அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேதான் தள்ளப்படும். அடித்தகட்டைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை உருவுங்கள். ஸ்குருக்கள் வேறுவேறு நீளத்தில் இருக்கும். ஒரு தாளில் அடிப்பாகத்தை வரைந்து அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டிவையுங்கள். நீள ஸ்குருவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் புடைக்கும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. விசிறி இறக்கையைப் பல்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் துடையுங்கள். பிடிக்காமல் புளோவர் அடித்தால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். சூட்டைக் கடத்தச் சிப்பின் மேல் பூசியிருக்கும் பேஸ்ட்டை மாற்றுவதென்றால் ஹனிவெல் பிடிஎம்7950 தாள் நல்லது: சாதாரண பேஸ்ட் சூடாகி ஆறும்போது மெல்ல மெல்லச் சிப்பின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், இது அவ்வளவாக ஒதுங்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டினால் போதும், பேஸ்ட்டை ஒவ்வொரு முறையும் தொடாதீர்கள்.

மெல்லியதிலும் இதே வேலைதான், பாகங்கள்தான் பயமுறுத்தும். பலவற்றில் பேட்டரி பசையால் ஒட்டியிருக்கும், கீபோர்டு மேல்தகட்டோடு அறைந்திருக்கும். ஒரு சாவி போனால் மேல்தகடு முழுவதும் போகும். சார்ஜ் ஏற்றும் யுஎஸ்பி-சி துளை பெரும்பாலும் மதர்போர்டிலேயே சோல்டர். பல தடித்த லேப்டாப்புகளில் சார்ஜர் முனை தனிக் கம்பியில் வரும், ஈப்போவுக்குக்கூட ஓடாமல் பக்கத்துக் கடையில் மாற்றிவிடலாம்.

எந்நேரமும் சார்ஜரில் 100 சதவீதமும் சூடும் சேர்ந்தால் பேட்டரி உப்பும். டச்பேட் அமுங்க மறுத்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ உடனே நிறுத்துங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். சார்ஜ் எல்லையை 80 சதவீதத்தில் வைக்கும் வசதி இப்போது பெரும்பாலான பிராண்டுகளின் செயலியில் உண்டு.

தடித்ததன் குறையையும் மறைப்பதற்கில்லை. 230, 330 வாட் அடாப்டர் தனியாக ஒரு செங்கல். தோட்டப் பாதையில் மோட்டாரில் போகும்போது அதைப் பையில் திரைப் பக்கம் வைத்தால் குழியில் விழுந்த வேகத்தில் திரை பொட்டென்று போகும். பேட்டரியில் முழு வேகமும் வராது. விமானத்தில் கொண்டுபோக வசதியான 100 வாட்-மணி எல்லைக்குள் பேட்டரியை அடக்க வேண்டியிருப்பதால், முழுச் சுமையில் ஒரு மணி நேரம் நின்றால் பெரிது.

கிராணியின் மேசை

எக்செல், அரசாங்க இணையத்தளம், பிரிண்டர். இதற்குக் கேமிங் லேப்டாப் வாங்குவது கொசு அடிக்கக் கோடாலி. மெல்லியதும் தேவையில்லை. லெனோவோவின் பழைய திங்க்பேட் டி480 போதும், அதன் தடிமன் 20 மில்லிமீட்டர்தான். உள்ளே 24 வாட்-மணி பேட்டரி இருக்க, பின்னால் 72 வரை இன்னொன்றைக் கழற்றி மாட்டலாம், அணைக்கவே வேண்டாம். இரண்டு ரேம் துளை, நெட்வொர்க் கேபிள் துளை எல்லாம் உண்டு. அடுத்த ஆண்டு வந்த டி490-இல் பின் பேட்டரியை எடுத்துவிட்டு, ரேமில் ஒரு பகுதியைச் சோல்டரும் செய்துவிட்டார்கள்.

மலிவு என்று டி470 வாங்கிவிடாதீர்கள். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது; டி480-இன் எட்டாம் தலைமுறைச் சிப்பை விண்டோஸ் 11 ஏற்கும், டி470-இன் சிப்பை ஏற்காது. வாங்கியதும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் யுஎஸ்பி-சி துளை பழுதாகும் என்று லெனோவோவே எச்சரித்திருக்கிறது. திரை மங்கல், பெரட்டுக் களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) வெளிச்சத்தில் பிரித்தால் ஒன்றும் தெரியாது.

காசு ஒரே அளவு என்றால்

ஒரு தடித்த ஒர்க்ஸ்டேஷன் விலையைப் பிரித்து, வெளியில் தூக்கிப்போக ஒரு மலிவு லேப்டாப்பும் வீட்டில் ஒரு மேசைக் கணினியும் வாங்குவது பலருக்கு ஒத்துவரும். 120 மில்லிமீட்டர் விசிறிக்கு 33 டிகிரி ஒரு பொருட்டில்லை, பாகமும் தனித்தனியாக மாறும். ஒரு செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: லேப்டாப்புக்கு பேட்டரியே யுபிஎஸ், மேசைக் கணினிக்கு அது கிடையாது. இடி மழையில் ஒரு நொடி மின்சாரம் போனால் எட்டு மணி நேர வரைபடம் அம்போ. கையடக்க மினி பிசியைப் பார்த்து மயங்க வேண்டாம். பலவற்றில் இருப்பது லேப்டாப் சிப்தான், அடைத்த பெட்டிக்குள் அதே மூச்சுத் திணறல்.

லேப்டாப்தான் என்று முடிவானால், கடையில் டெமோ யூனிட்டை சார்ஜரில் மாட்டிச் சோதிக்கக் கேளுங்கள். சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை மென்பொருளின் 10 நிமிடச் சோதனையை ஓட்டி, வாட், சூடு காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சிபியு பேக்கேஜ் பவர் என்ற வரியை முதல் நிமிடத்திலும் பத்தாவது நிமிடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலின் சிஸ்டம் தகவலில் உச்ச கிராஃபிக்ஸ் வாட்டும் தெரியும். பத்தாவது நிமிடத்து எண்தான் நீங்கள் காசு கொடுக்கும் எண். கடை ஏசியில் அது 45 என்றால், வீட்டுக்கு 40 என்று கழித்துக்கொள்ளுங்கள்.