சுருளிப்பட்டியா, முதலமடையா?

கேரள எல்லையை ஒட்டி, வண்டித் தொல்லை இல்லாமல் சைக்கிள் ஓட்ட எனக்குப் பிடித்த சாலைகள் இரண்டு.

தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரிலிருந்து சுருளிப்பட்டி வழியாகச் சுருளி அருவி வரை சுமார் 10 கி.மீ. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த மண்ணுக்குத்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் கூடவே வரும். ஏற்றமும் பெரிதாக இல்லை. குமுளி நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் விடிகாலையில் போகாதீர்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் பறக்கும். விடுமுறை நாளில் அருவிச் சாலையிலும் கூட்டம் சேர்ந்துவிடும்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து முதலமடை வேறு மாதிரி. பொள்ளாச்சியிலிருந்து எல்லை ஊரான கோவிந்தாபுரம் தாண்டி, பெரிய சாலையை விட்டுக் கொல்லங்கோட்டுப் பக்கத்து ஊர்ச் சாலைகளில் இறங்கினால் சைக்கிள் சங்கிலிச் சத்தம்தான் கேட்கும். வரப்பில் பனைமரம், அதற்குப் பின்னால் நெல்லியாம்பதி மலை. மழைக்காலத்தில் சீதார்குண்டு அருவி வயலிலிருந்தே வெள்ளைக் கோடாய்த் தெரியும். முதலமடை ரயில் நிலையத்தில் ஆலம் விழுதுகளுக்குக் கீழே சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள், எழ மனசு வராது. டீக்கடையில் பாதித் தமிழ், பாதி மலையாளம்.

ஆனால் காற்று! ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அறையும். பொள்ளாச்சியிலிருந்து கிளம்பினால் போகும்போது திணறல், திரும்பும்போது தள்ளிவிடும். மாம்பழப் பருவத்தில் லாரிகளும் உண்டு.

குழந்தைகளோடு என்றால் சுருளிப்பட்டி. தனியாக என்றால், யோசிக்காமல் முதலமடை.