டேம்பரா, அகலமான ஹேண்டில்பாரா?

கோலாலம்பூரின் (கேஎல்) புக்கிட் கியாராவில் வேர் நிறைந்த இறக்கத்தில் மவுண்டன் பைக்கின் முன்சக்கரம் வெட்டி இழுக்கிறது, எதை மாற்றலாம் என்று கேட்பவர்களுக்கு.

விலை: ஹேண்டில்பார் (சுருக்கமாக, பார்) மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஸ்டீயரிங் உதறலை அடக்கும் கருவியான டேம்பரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிடிமானம்: டேம்பர், திரவத்தின் பிசுபிசுப்பால் சக்கரத்தின் திடீர் வெட்டலை மட்டும் அடக்கும், நிதானமாகத் திருப்பினால் அவ்வளவாகத் தடுக்காது. 780 மில்லிமீட்டர் பாருக்கு நெம்புகோல் நீளம் கூடுதல், அதனால் அதே உதறலைக் குறைந்த பலத்தில் பிடித்து நிறுத்தலாம், ஆனால் நெருக்கமான மரங்களுக்கிடையே விரல் மூட்டு பத்திரம்!

பராமரிப்பு: பாருக்கு ஒன்றுமில்லை. டேம்பரின் சீல், கேஎல் மழைச்சேற்றில் என்ன பாடுபடும் என்று சொல்லவே வேண்டாம்.

முதலில் முன் பிரேக்கை அழுத்தி வண்டியை ஆட்டிப் பாருங்கள். ஹெட்செட் (ஹேண்டில்பாரோடு முன் ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்) தளர்ந்திருந்தால் இரண்டுமே வீண். வாரக்கடைசி ஓட்டத்துக்கு பாரே போதும். நீண்ட, வேகமான பாறை இறக்கங்களில் மணிக்கட்டு ஓய்ந்துபோகிறவர்களுக்கு டேம்பர் சரி.